ஈர நிலத்தில் வில்லோ நட்டு மான்களுக்கு இடம் செய்வது எப்படி?

அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் சில ஏக்கர் நிலம் வாங்கினால், அதில் ஒரு மூலையாவது சொதசொதவென்றுதான் கிடக்கும். உழ முடியாது, வீடு கட்ட முடியாது, கோடையில்கூட பூட்ஸ் உள்ளே இறங்கும். எனக்கும் அப்படி இரண்டு ஏக்கர் வாய்த்தது. வெண்வால் மான்கள் அதன் வழியாகப் போகும், வரும், ஆனால் தங்காது. மறைந்து படுக்கப் புதர் கிடையாது, பனிக்காலத்தில் கடிக்கக் குச்சி கிடையாது. அதை மாற்றத்தான் ஈரத்தில் வளரும் வில்லோ என்ற செடியை நட ஆரம்பித்தேன்.

முதல் வருடம் 200 போத்து, அதாவது வேர் விடுவதற்காக வெட்டி ஊன்றும் குச்சி, நட்டேன். அடுத்த வசந்தத்தில் உயிரோடு இருந்தவை 11. இரண்டாவது தடவை, செய்ததையெல்லாம் மாற்றிச் செய்தபோது பெரும்பாலானவை பிழைத்தன. நடுவது இதில் சின்ன வேலை. அதற்கு முன்னால் தண்ணீரைப் பார்ப்பதும் காகிதங்களை முடிப்பதும், அதற்குப் பின்னால் வேலி போடுவதும்தான் பலன் தருகிற வேலைகள். நான் தொலைத்த அந்த ஒரு வருடம் உங்களுக்கும் போக வேண்டாம்.

கால வரிசையை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் நிலத்தைப் பார்ப்பது, இலையுதிர் காலத்தில் காகித வேலை, பிப்ரவரி-மார்ச்சில் போத்து வெட்டுவது, பனி உருகியதும் நடுவது, மூன்று வருடம் வேலிக்குள் வைத்திருப்பது. 'இந்த வாரம் நேரம் இருக்கிறது, நட்டுவிடலாம்' என்று இறங்கினால் பலிக்காது.

1. வறண்ட மாதத்தில் குழி தோண்டிப் பாருங்கள்

வசந்தத்தில் எல்லா நிலமும் ஈரமாகத்தான் தெரியும். அதை நம்பாதீர்கள். ஆகஸ்ட் கடைசியில், மழை இல்லாத ஒரு வாரத்துக்குப் பிறகு, நான்கைந்து இடங்களில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். 30 முதல் 50 செ.மீ. ஆழத்தில் தண்ணீர் ஊறி நின்றால் அதுதான் வில்லோவுக்கு ஏற்ற இடம். ஒரு மீட்டர் தோண்டியும் மண் வெறும் ஓதமாக மட்டும் இருந்தால், அங்கே போத்து முதல் கோடையைத் தாண்டுவது கஷ்டம்.

மறுபக்கத் தவறும் உண்டு. கோடை முழுக்கத் தரைக்கு மேலே தண்ணீர் நிற்கிற, சம்பங்கோரை மண்டிய இடத்தில் நட்டால் புதிய வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகிவிடும். நின்று நிலைத்த வில்லோ வெள்ளத்தைத் தாங்கும்; பிஞ்சு வேர் தாங்காது. சம்பங்கோரை முடிந்து தரை ஒரு சாண் உயர்கிற அந்த ஓரத்தைப் பிடியுங்கள். நிழலும் ஆகாது. வில்லோவுக்கு முழு வெயில் வேண்டும்.

விவசாயத் துறையின் வெப் சாய்ல் சர்வே, மீன்-வனவிலங்குச் சேவையின் தேசிய ஈரநில வரைபடம் இரண்டும் இணையத்தில் இலவசம். உங்கள் நிலத்தின் மண் வகையையும் ஈரநில எல்லையையும் அதில் பார்த்து அச்செடுத்து வையுங்கள். அடுத்த படியில் இந்தத் தாள்தான் முதலில் தேவைப்படும்.

ஓர் எச்சரிக்கை. கிழக்கு மாநிலங்களின் சதுப்புகளில் நச்சு சுமாக் என்ற சிறு மரம் உண்டு. இலை உதிர்ந்த பிறகும் அதன் குச்சியில் இருக்கும் எண்ணெய் தோலைக் கொப்பளிக்க வைக்கும். தொங்குகிற வெளிர் வெள்ளைக் காய்க் கொத்தைப் பார்த்தால் கை வைக்காதீர்கள். அதன் விறகை எரிக்கவும் கூடாது. புகை நுரையீரலைக் கெடுக்கும். உண்ணிகளும் இந்த இடங்களில் அதிகம். குளிர்ந்த நாள்தானே என்று அலட்சியமாக இருக்காமல், பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் விட்டுக்கொண்டு போங்கள்.

2. காகித வேலையை நடுவதற்கு முன்பே முடியுங்கள்

கையால் குச்சி ஊன்றுவதற்குப் பொதுவாக எந்த அனுமதியும் கேட்க மாட்டார்கள். மண்ணைப் புரட்டினால்தான் சிக்கல். நடுவதற்கு மேடு போடுவது, வடிகால் வெட்டுவது, டிராக்டர் போக மண் கொட்டி வழி அமைப்பது போன்றவை தூய்மை நீர்ச் சட்டத்தின் 404-ஆம் பிரிவுக்குள் வரலாம். அதை நடைமுறைப்படுத்துவது ராணுவப் பொறியாளர் படை. 2023-இல் சாக்கெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஈரநிலங்கள் மீதான கூட்டரசின் அதிகார எல்லையைக் குறுக்கியது உண்மைதான். அதை வைத்து 'இனி பிரச்சினை இல்லை' என்று பக்கத்து நிலத்துக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன், நியூயார்க் போன்ற மாநிலங்களுக்கு ஈரநிலத்துக்கென்று சொந்தச் சட்டமே இருக்கிறது. மாநில இயற்கை வளத் துறைக்கு, செய்யப்போகும் வேலையை நான்கு வரியில் விவரித்து, வரைபடத்தையும் இணைத்து மின்னஞ்சல் அனுப்பிப் பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். தொலைபேசியில் 'பரவாயில்லை' என்று சொன்னது பிறகு உதவாது.

நிலம் விவசாயப் பதிவில் இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். 1985-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, பயிர் வைப்பதற்காக ஈரநிலத்தை வடித்தவர்களுக்கு விவசாயத் துறையின் சலுகைகள் போய்விடும். வில்லோ நடுவது அதில் வராது. ஆனால் கூடவே ஒரு வாய்க்காலையும் வெட்டிவிடலாமே என்ற யோசனை வரும். அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

இப்போது பணம். விவசாய நிலமோ தனியார் காட்டு நிலமோ வைத்திருப்பவர்களுக்கு ஈக்விப் என்ற கூட்டரசுத் திட்டத்தில் செலவில் ஒரு பங்கு கிடைக்கலாம். மர-புதர் நடவு 612 என்ற எண்ணில் அதில் ஒரு பணியாகவே இருக்கிறது. முதலில் பண்ணைச் சேவை முகமையில் உங்கள் நிலத்துக்கு ஒரு பண்ணை எண் வாங்க வேண்டும். அதற்கு நிலப் பத்திரமும் அடையாளச் சான்றும் வரி எண்ணும் கொண்டு போங்கள். பிறகு சிபிஏ-1200 விண்ணப்பம், ஈரநில உறுதிமொழியான ஏடி-1026, வருமான உறுதிமொழியான சிசிசி-941. விண்ணப்பம் வருடம் முழுக்க வாங்குவார்கள். ஆனால் வந்த விண்ணப்பங்களைத் தரவரிசைப்படுத்த மாநிலத்துக்கு மாநிலம் ஒரு கடைசித் தேதி உண்டு. அது பெரும்பாலும் இலையுதிர் காலத்திலோ குளிர்காலத் தொடக்கத்திலோ வரும். இதனால்தான் கோடையிலேயே நிலத்தைப் பார்த்து ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

இங்கேதான் நான் விழுந்தேன். விண்ணப்பம் கொடுத்தாயிற்று, எப்படியும் கிடைத்துவிடும் என்று வேலையைத் தொடங்கிவிட்டேன். ஒப்பந்தத்தில் கையெழுத்தாவதற்கு முன் தொடங்கிய வேலைக்குப் பணம் தரமாட்டார்கள். விதிவிலக்கு வேண்டுமென்றால் அதையும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். ஒரு குச்சி ஊன்றினாலும் தொடங்கியதாகத்தான் கணக்கு. கையெழுத்தாகும் வரை நிலத்தைத் தொடாதீர்கள்.

முதல் படியில் சொன்ன குழிகளைத் தோண்டுவதற்கும் கம்பம் அடிப்பதற்கும் சில நாட்கள் முன்பு 811 என்ற எண்ணை அழையுங்கள். பூமிக்கடியில் போகும் குழாய், கம்பிகளை இலவசமாக வந்து குறித்துக் கொடுப்பார்கள்.

3. எந்த வில்லோ?

'வில்லோ' என்று பொதுவாகக் கேட்டு வாங்கினால் தப்பான செடி வரும். அழுகை வில்லோ, வெள்ளை வில்லோ போன்ற வெளியூர் மரங்கள் வேகமாக வளர்ந்து உயரே போய்விடும். மானின் வாய் எட்டுவது ஏறக்குறைய 1.8 மீட்டர்; அதற்கு மேலே எவ்வளவு தழை இருந்தாலும் அதற்குப் பயனில்லை. கறுப்பு வில்லோ உள்ளூர் மரம்தான் என்றாலும் அதுவும் மரமாகத்தான் போகும். நமக்கு வேண்டியது அடியிலிருந்து பல தண்டு விடும் புதர்.

புஸ்ஸி வில்லோ, புல்வெளி வில்லோ, பட்டு வில்லோ ஆகியவை போத்திலிருந்து எளிதாக வரும். மணல்திட்டு வில்லோ வேரிலிருந்தே கன்று விட்டுப் பரவி அடர்ந்த மறைவைக் கொடுக்கும்; ஆனால் பரவ இடம் இருக்கும் பக்கம் மட்டும் நடுங்கள். பெப் வில்லோ மானுக்கு நல்ல தீனி. ஆனால் தண்டு முழுக்க வேர் விடாது, வெட்டிய அடிமுனையில்தான் விடும். அதனால் போத்தில் பிழைப்பது குறைவு. அதை வேரோடு கன்றாக வாங்குவதே நல்லது.

வில்லோ மட்டும் வைக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு செந்தண்டு டாக்வுட் என்ற புதரைக் கலந்து நடுங்கள். அதே ஈரம், அதே போத்து முறை, மான்கள் வில்லோவைவிட அதைத்தான் முதலில் தேடும். ஆல்டர் என்ற ஈரநிலப் புதரை மான் அதிகம் தொடாது. மறைவுக்கு வேண்டுமானால் இருக்கட்டும்.

போத்தைப் பணம் கொடுத்து வாங்குவதானால், மாவட்ட மண்-நீர்ப் பாதுகாப்பு வாரியங்களும் மாநில நாற்றங்கால்களும் குளிர்காலத்தில் ஆர்டர் எடுத்து வசந்தத்தில் கொடுப்பார்கள். மார்ச்சில் கேட்டால் புதர் வகைகள் தீர்ந்து போயிருக்கும். சொந்தமாக வெட்டினால் செலவே இல்லை. ஆனால் சாலையோரப் புதரும் பொதுக் காடும் யாருக்கும் சொந்தமில்லாத நிலம் அல்ல. அங்கே வெட்ட அனுமதி வேண்டும்.

4. போத்து வெட்டுவது

செடி உறக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான் வெட்ட வேண்டும். பிப்ரவரி, மார்ச் சரியான காலம். இலை இல்லாத நேரத்தில் வில்லோவைக் கண்டுபிடிக்க மொட்டைப் பாருங்கள். மற்ற பல செடிகளின் மொட்டில் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். வில்லோவில் ஒரே ஒரு செதில், குல்லா மாட்டியது போல மொட்டை மூடித் தண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இதை ஒரு தடவை கையில் வைத்துப் பார்த்துவிட்டால் அப்புறம் தவறாது. ஆல்டர் என்றால் போன வருடத்துக் குட்டிக் கூம்புகள் இன்னும் தொங்கும். டாக்வுட்டில் கிளைகள் எதிரெதிராக ஜோடியாக வரும்.

ஒன்று முதல் மூன்று வயதுள்ள, பென்சிலைவிடத் தடித்த, கட்டைவிரல் வரை பருமனுள்ள தண்டு வேண்டும். மெல்லிய நுனிக்குச்சியில் சேமிப்பு இருக்காது. நுனியில் உப்பலாக இருப்பவை பூ மொட்டுகள். அந்தப் பகுதியை வெட்டி எறியுங்கள். நீளம் 60 முதல் 75 செ.மீ. நான் முதல் வருடம் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டினேன். அது நாற்றங்கால் பாத்திக்குத்தான் சரி. புல் மண்டிய திறந்த நிலத்தில் அது நிற்காது. பனி உறைந்து இளகும்போது மண் அதை வெளியே தள்ளிவிடும்.

அடிமுனையைச் சாய்வாகவும் மேல்முனையைத் தட்டையாகவும் வெட்டுங்கள். மேல்முனையை ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டி, நீரில் கரையும் பெயின்ட்டில் முக்கி எடுங்கள். ஈரம் காக்கும், அதைவிட முக்கியமாக, சேற்றில் நின்றுகொண்டு எது தலை எது கால் என்று குழம்ப வேண்டியிருக்காது.

ஒரே புதரிலிருந்து எல்லாவற்றையும் எடுக்காதீர்கள். வில்லோவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஒரு புதரின் போத்துகள் அத்தனையும் அதே செடியின் நகல்கள். ஒரு பூச்சியோ நோயோ வந்தால் மொத்தமும் போகும். பத்துப் பன்னிரண்டு புதர்களில், ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் எடுங்கள்.

5. வைத்திருப்பதும் ஊறவைப்பதும்

வெட்டியதை ஈரச் சாக்கில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, 1 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிரில் வையுங்கள். பழைய ஃபிரிட்ஜ் இருந்தால் அதுவே போதும். ஆப்பிள் போன்ற பழங்களை மட்டும் கூட வைக்கக் கூடாது. பழத்திலிருந்து வரும் எத்திலீன் மொட்டைக் கெடுக்கும். ஃபிரிட்ஜ் இல்லையென்றால் வீட்டின் வடக்குப் பக்கப் பனிக்குவியலில் புதைத்து வைக்கலாம்.

நடுவதற்கு ஒரு வாரம் முன்பு எடுத்து, நிழலில் உள்ள தொட்டித் தண்ணீரில் அடிப்பக்கம் மூன்றில் இரண்டு பங்கு மூழ்கும்படி நிற்க வையுங்கள். இந்தப் படியைத் தாண்டிவிடலாமே என்று தோன்றும். தாண்டாதீர்கள், இரண்டாம் வருடம் எனக்குப் பெரிய வித்தியாசம் கொடுத்தது இதுதான். ஐந்தாம் நாள் வாக்கில் பட்டையில் குருணை அரிசி மாதிரி வெள்ளைப் புள்ளிகள் முட்டிக்கொண்டு நிற்கும். வேர் கிளம்பத் தயார் என்று அர்த்தம். அன்றோ மறுநாளோ நட்டுவிடுங்கள். வேர் நூலாக நீண்டுவிட்டால் மண்ணில் தள்ளும்போது எல்லாம் உரிந்துவிடும்.

6. புல்லைச் சமாளியுங்கள்

வடக்கு ஈரநிலங்களில் வில்லோவின் முதல் எதிரி நாணல் கேனரிப்புல். ஆள் உயரம் வளர்ந்து, குளிர்காலத்தில் மடிந்து பாய் மாதிரி போத்தின்மேல் படுத்துவிடும். நடும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல்லை ஒட்ட வெட்டி, தடித்த அட்டையோ தோட்டத் துணியோ விரித்துக் கற்களாலோ முளைகளாலோ அழுத்திவிடுங்கள். களைக்கொல்லி தெளிப்பதென்றால் நீர்நிலைக்கென்று அனுமதிக்கப்பட்ட தயாரிப்பு வேண்டும்; பல மாநிலங்களில் தனி உரிமமும் வேண்டும். சாதாரணக் கடைச் சரக்கில் கலந்திருக்கும் துணைப்பொருள் தவளைகளுக்கு விஷம். நான் தெளிக்கவில்லை.

உங்கள் ஈரநிலத்தில் நல்ல உள்ளூர்க் கோரைப் புல்வெளி இருந்தால் அதில் நடாதீர்கள். அதை நம்பி வாழும் பறவைகளும் தவளைகளும் இருக்கின்றன. கேனரிப்புல் தனிக்காட்டு ராஜாவாக ஆளும் இடத்தில் வில்லோவை வையுங்கள்.

7. நடுவது

பனி உருகி, மண் இளகி, மொட்டு விரியாத அந்தச் சில வாரங்கள்தான் காலம். பெரும்பாலும் ஏப்ரல், வடகோடியில் மே தொடக்கம். நான் முதல் தடவை மே கடைசியில், துளிர் வந்த குச்சிகளை நட்டேன். இரண்டு வாரத்தில் எல்லாம் பச்சையாக நின்றன. ஜூலையில் காய்ந்தன. தண்டில் இருந்த சேமிப்பைக் கொண்டே இலை வந்துவிடும். கீழே வேர் இருக்காது. பச்சையைப் பார்த்து வேர் பிடித்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள்.

போத்தை நேரே குத்தினால் பட்டை உரியும். கடப்பாரையாலோ இரும்புக் கம்பியாலோ துளை போட்டு, மூன்றில் இரண்டு பங்கு உள்ளே போகும்படி இறக்குங்கள். அடிமுனை ஆகஸ்ட் நீர்மட்டத்தைத் தொட வேண்டும். நீங்கள் தோண்டிய குழியின் அளவு இங்கேதான் பயன்படும். மொட்டு மேல்நோக்கி இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். பிறகு சேற்றைக் கரைத்துத் துளையில் ஊற்றிக் காலால் மிதித்து இறுக்குங்கள். தண்டைச் சுற்றிக் காற்று இடைவெளி இருந்தால் அந்த இடத்தில் வேர் வராது.

வரிசையாகத் தோட்டம் போல நடாதீர்கள். ஐந்தாறு போத்து ஒரு கொத்து, கொத்துக்குக் கொத்து ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் என்று பத்துப் பன்னிரண்டு கொத்துகள் ஒரு திட்டு. திட்டுகளுக்கு நடுவே வெயில் விழும் வெளி. ஈரநிலத்தில் அங்கங்கே இருக்கும் உலர்ந்த மேடுகளைத்தான் மான் படுக்கத் தேர்ந்தெடுக்கும். அந்த மேடுகளின் மேல் நடாமல், சுற்றி வளைத்து நட்டு, ஒரு பக்கம் திறந்து விடுங்கள்.

ஒருவர் ஒரு நாளில் நிதானமாக நூறு போத்து நடலாம். சேற்றில் அதற்கு மேல் உடம்பு தாங்காது.

8. மானுக்காக நட்டதை மானிடமிருந்து காப்பாற்றுங்கள்

என் முதல் வருடத்துக் குச்சிகளில் காயாமல் தப்பியதைப் பசியான வாய்கள் முடித்தன. செலவில் பாதிக்கு மேல் வேலிக்குத்தான் போகும். அதற்குப் பணம் இல்லையென்றால் நடும் எண்ணிக்கையைக் குறையுங்கள். வேலியில்லாத 200-ஐவிட வேலியுள்ள 40 மேல்.

முழு நிலத்துக்கும் வேலி என்றால் 2.4 மீட்டர் உயரம் வேண்டும். அவ்வளவு தேவையில்லை. கொத்துக்கு ஒரு கூண்டு போதும். 1.5 மீட்டர் உயரப் பற்றவைத்த கம்பி வலையில் 4 மீட்டர் வெட்டி வளைத்தால் ஏறக்குறைய 1.25 மீட்டர் அகலமுள்ள வட்டம் கிடைக்கும். இவ்வளவு குறுகிய இடத்துக்குள் மான் தாண்டிக் குதிக்காது. ஈர மண்ணில் கம்பம் சாயும் என்பதால் இரண்டு கம்பங்களை ஆழமாக அடியுங்கள்.

எது கடித்தது என்று குச்சியைப் பார்த்தே சொல்லலாம். மானுக்கு மேல் முன்பற்கள் கிடையாது. அதனால் பிய்த்து இழுக்கும், முனை நார் நாராக இருக்கும். முயல் கடித்தால் கத்தியால் சாய்வாகச் சீவியது போல் இருக்கும். தரையோடு பட்டை வளையமாகக் காணாமல் போயிருந்தால் அது பனிக்கடியில் வந்த வயல் எலி. முயலும் எலியும் இருந்தால் கூண்டின் அடியில் இரண்டடி உயரத்துக்குச் சிறுகண் வலையைச் சேர்த்துக் கட்டுங்கள்.

9. மூன்று வருடம், அப்புறம் வெட்டு

முதல் இரண்டு கோடைகளில் ஜூன், ஆகஸ்ட் என இரண்டு தடவை போய்ப் புல்லை ஒதுக்குங்கள். நீர்மட்டத்தைச் சரியாகப் பார்த்து நட்டிருந்தால் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. இறந்த இடங்களை அடுத்த வசந்தத்தில் நிரப்புங்கள்.

புதர் கூண்டுக்கு மேலே தலைகாட்டி, பக்கவாட்டிலும் வலையை முட்டும்போது, அநேகமாக மூன்றாம் வருடம், கூண்டை எடுத்து அடுத்த திட்டுக்குக் கொண்டுபோகலாம். இலையுதிர் காலத்தில் ஆண் மான்கள் கொம்பைத் தேய்க்கச் சில தண்டுகளை நாசம் செய்யும். கவலைப்படாதீர்கள், அடியிலிருந்து மறுபடி வரும்.

நான்காம் வருடத்திலிருந்து, மார்ச்சில், மூன்றில் ஒரு பங்கு கொத்துகளைத் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். வெட்டாவிட்டால் தழை வாய்க்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். கரும்பு மறுதாம்பு போல அடிக்கட்டையிலிருந்து அந்தக் கோடையிலேயே புதுத் தண்டுகள் கொத்தாகக் கிளம்பும். வெட்டிய கொத்துக்கு ஒரு வருடம் கூண்டைத் திருப்பி மாட்டுங்கள். தடித்த தண்டுகளைப் போத்தாக எடுத்துக்கொண்டு, நுனிகளை அங்கேயே போட்டுவிடுங்கள். குளிர்காலக் கடைசியில் மானுக்கு இருப்பு கரைந்து போயிருக்கும். மறுநாள் காலையில் பார்த்தால் மொட்டெல்லாம் மேய்ந்திருக்கும். அந்த நேரத்தில் இரக்கப்பட்டு மக்காச்சோளம் கொட்டாதீர்கள். பனிக்காலம் முழுக்கக் குச்சி தின்று பழகிய இரைப்பை திடீரென்று வரும் மாவுச்சத்தைத் தாங்காமல் மான் செத்தே போகலாம். பல மாநிலங்களில் தீனி வைப்பது சட்டப்படியும் தடை.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உள்ளே போகாதீர்கள். மான் ஒரு தடவை பயந்து எழுந்து ஆழப் பனியில் ஓடினால், உடம்பில் உள்ள பல நாள் சேமிப்பு அதற்குப் போய்விடும். என் நிலத்தில் மூன்றாம் குளிர்காலம் முடிந்த மார்ச்சில்தான் நான் உள்ளே போனேன். மேட்டைச் சுற்றி நட்ட வில்லோக்களுக்கு நடுவே, பனியில் நான்கு நீள்வட்டங்கள் உடம்புச் சூட்டில் உருகி, மறுபடி உறைந்து கண்ணாடியாகக் கிடந்தன. மூன்று பெரியவை, ஒன்று சின்னது.